முப்பத்தெட்டாயிரம் பேர் பார்த்த தூக்கம்

ஒன்பதாம் அத்தியாயம்

எர்லிந்தா தூக்கத்தில் பேசுவாள் என்பது அந்த வீட்டில் பழைய செய்தி. ஊருக்குத்தான் புதிது.

ஐந்து வாரங்களுக்கு முன்னால், மதியச் சோற்றுக்குப் பின் பாயில் படுத்திருந்தவள் கண்ணைத் திறக்காமலே, "படகை ஈரத்தோட மடிச்சு வைக்காதே, நாத்தம் அடிக்கும்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். மகள் லோவெல்லா அப்போது அந்த அறையின் திரைச்சீலையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். குரலை வெட்டியெறிய மனசு வரவில்லை. அப்படியே இணையத்தில் ஏற்றிவிட்டாள். மூன்றே நாளில் இருபது லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். இப்போது அரேவாலோ சந்தையில் கருவாடு விற்கிறவள்கூட எர்லிந்தாவைக் கண்டால் அக்கா முறை வைத்து, "என்ன மனாங், படகு காய்ஞ்சிடுச்சா?" என்று கேட்காமல் தராசைத் தொடுவதில்லை.

அதற்கு முந்தைய நான்கு வருடக் கதை வேறு. லோவெல்லாவின் சேனலுக்கு 'உத்தோ' என்று பெயர். அவர்கள் பேச்சில் உச்சிப்பொழுது. மணிலாவுக்குத் தெற்கே, கடலோர இலோயிலோ நகரத்தில் அந்த ஒரு மணி நேரம் தெரு தானாகவே குரலைத் தாழ்த்திக்கொள்ளும். முடிதிருத்துகிறவர் தன் நாற்காலியிலேயே சாய்ந்து உறங்குவார். நிழலில் நிறுத்திய ஜீப்னி வண்டிக்குள் ஓட்டுநர் தூளி கட்டிப் படுத்திருப்பார். நீருக்கு அந்தப் பக்கம் கிமராஸ் தீவு வெயிலில் கரைந்து, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகமாக நிற்கும். லோவெல்லா இதைத்தான் எடுப்பாள். பேச்சு கிடையாது, பாட்டு கிடையாது. நாலாயிரம் பேர் சேனலில் சேர்ந்திருந்தார்கள். 'பார்த்துக்கொண்டே தூங்கிவிட்டேன், நன்றி' என்று யாராவது எழுதினால் அன்று முழுவதும் அவளுக்குக் கால் தரையில் படாது.

இப்போது ஆறு லட்சம் பேர். ஒருவர்கூடத் தூங்குவதாகத் தெரியவில்லை. எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: இன்று அம்மா என்ன சொன்னார்?

தம்பி ஜோம்ரிக்கு இருபத்திரண்டு வயது. கப்பல் படிப்பு முடித்தவன். மணிலாவில் இருக்கிற ஆள் எடுக்கும் கம்பெனி திங்கட்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தது. அவனுக்குக் கடல் வேண்டாம். அக்காவின் வீடியோக்களை வெட்டி ஒட்டுவது, தலைப்பு வைப்பது, பார்க்கிறவர்களோடு வாயாடுவது, இதுதான் வேண்டும். சேனல் இப்படியே வளர்ந்தால் கப்பலுக்கு மாட்டேன் என்று சொல்லிவிடலாம்.

அதற்காகத்தான் இந்தச் சனிக்கிழமை. முதல் முறையாக நேரலை. பன்னிரண்டரை மணியிலிருந்து ஒரு மணி வரை அம்மா தூங்குவாள், உலகம் பார்க்கும். 'ஹமூக்' என்று ஒரு தலையணைக் கம்பெனி அதற்கு விளம்பரம் தந்திருந்தது. தலையணை நேற்றே வந்து இறங்கிவிட்டது, பெரிய வெள்ளைக் கன்றுக்குட்டி போல.

காலை ஒன்பது மணிக்கு லோவெல்லா பழைய தலையணையின் உறையை உருவினாள். உள்ளே ஏதோ மொடமொடத்தது. கையை விட்டுப் பார்த்தாள். நாலாக மடித்த ஒரு தாள். அம்மாவின் சாய்ந்த கையெழுத்து.

'மீனுக்குச் செருப்பு போட்டு விடு, கால் சுடும்.

பாதிரியார் மாமரத்து மேல இருக்கார், ஏணியக் குடு.

கிமராஸ கொஞ்சம் தள்ளி வை, காத்து வரல.'

முதல் இரண்டு வரிகளுக்கும் நேரே பென்சிலால் ஒரு கோடு. மீன் வரி போன வாரத்துக்கு முந்தைய வீடியோ. பாதிரியார் போன வாரம். மூன்றாவது வரிக்குக் கோடு போடவில்லை. அது இன்றைக்கு.

லோவெல்லா அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டாள்.

அதிர்ச்சி என்று சொன்னால் அது பாதி உண்மைதான். அம்மா நிஜமாக உறங்கும்போது அவளுடைய இடது கால் பெருவிரல் தானாக அசையும், எங்கேயோ கேட்கிற பாட்டுக்குத் தாளம் போடுவது மாதிரி. மீன் வீடியோவில் அந்த விரல் அசையவில்லை. லோவெல்லா அதைக் கவனித்தாள். கவனித்துவிட்டு, கால் தெரியாதபடி படத்தை வெட்டிச் சுருக்கினாள். அன்று மாலைக்குள் எட்டு லட்சம். பல் துலக்குவதற்கு முன்னால் எண்ணைப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு வந்ததும் அந்த வாரம்தான்.

அம்மா சமையலறையில் பலாக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பால் ஒட்டாமலிருக்கக் கையெல்லாம் எண்ணெய். அடுப்பில் துவரையும் பன்றிக்கறியும் ஒன்றாக வெந்துகொண்டிருந்தன.

"அம்மா, இது என்னம்மா?"

எர்லிந்தா கண்ணோரத்தால் பார்த்தாள். "மளிகைச் சீட்டு."

"மளிகைக் கடையில மீனுக்குச் செருப்பு விக்கிறாங்களா?"

எர்லிந்தாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எண்ணெய்க் கையை முகத்திலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். "பாதிரியாருக்கு ஏணி எப்படி இருந்துச்சு? எழுதறப்ப நானே சிரிச்சிட்டேன், இண்டாய்" என்று மகளைச் செல்லமாகக் கூப்பிட்டாள்.

"எப்பலேர்ந்து?"

"மொத வீடியோ மட்டும்தான் நிஜம். அப்புறம் எங்கேருந்து தூக்கம் வரும்? கண்ண மூடினா உன் கேமரா பக்கத்துல உக்காந்து மூச்சு விடற மாதிரியே இருக்கு."

"அப்ப அஞ்சு வாரமா மத்தியானம் நீ தூங்கறதே இல்லியா?"

"ராத்திரி தூங்கறேனே, போதாதா?"

போதாது. இது இருவருக்கும் தெரியும். பிரசவமான அன்றும் மத்தியானத் தூக்கத்தை விடாதவள் எர்லிந்தா. இப்போது உற்றுப் பார்த்தால் கண்ணுக்குக் கீழே இரண்டு சாம்பல் பிறைகள் தெரிந்தன. தினம் லென்சு வழியாகப் பார்த்த முகம்தான். லோவெல்லா அதை இன்றைக்குத்தான் பார்த்தாள்.

"எதுக்கும்மா இந்த வேல?"

எர்லிந்தா கத்தி நுனியால் முன்னறையைக் காட்டினாள். சுவரில், பிளாஸ்டிக் உறைக்குள், ஜோம்ரியின் வெள்ளைக் கப்பல் சீருடை தொங்கிக்கொண்டிருந்தது.

"அது அங்கயே தொங்கட்டும்னுதான்" என்றாள். "அவன்கிட்ட சொல்லிடாதே."

அந்த நேரம் பார்த்து ஜோம்ரி கையில் ஒரு சுருள் கேபிளோடு உள்ளே பாய்ந்தான். "மனாங்! பதினாறாயிரம் பேர் இப்பவே காத்திருக்காங்க. கனடாவுல ஒருத்தி அலாரம் வெச்சிருக்காளாம், லைவ் தொடங்கறப்ப அங்க நடுராத்திரியாம்!"

லோவெல்லா தாளைக் கைக்குள் மடக்கிக்கொண்டாள். "ஜோம்ரி, இன்னிக்கு லைவ் வேண்டாமே."

அவன் சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான்.

"வெளயாடறியா?"

"எனக்கு இது பிடிக்கல. நான் இதுக்காக ஆரம்பிக்கல."

"வேற எதுக்காக? நாலாயிரம் பேரத் தூங்க வெக்கவா?" கேபிளைக் கீழே போட்டான். "உன் போன பொறந்த நாளுக்கு அழுதது யாரு? ஒரு வருஷம் அலைஞ்சு படகுத்துறைய எடுத்தே. எத்தன பேர் பார்த்தாங்க? இருநூத்திப் பன்னெண்டு. பார்க்க ஆளே இல்லன்னா எடுத்து என்ன பிரயோசனம்னு நீதான கேட்ட? இப்ப அதே படத்த எழுபதாயிரம் பேர் பார்த்திருக்காங்க. அம்மாவுக்காக வந்தவங்க அப்படியே உள்ள எட்டிப் பார்த்துட்டுப் போயிருக்காங்க. வாசல் பெருசானா வீடும் பெருசாகும், மனாங்."

அவன் சொன்னதில் பொய் இல்லை.

"அந்த எழுபதாயிரம் பேரும் கீழ என்ன எழுதினாங்கன்னு பார்த்தியா? 'அம்மா எத்தனாவது நிமிஷத்துல வர்றாங்க'ன்னு."

"வந்தாங்கல்ல? வந்ததே பெருசு." அவன் சீருடைப் பக்கம் திரும்பாமலே கட்டை விரலால் அதைக் காட்டினான். "இந்த வீட்டுலேர்ந்து கப்பலுக்குப் போக அப்பா ஒருத்தரு போதும். ஒம்பது வருஷம். இருக்கேன், செத்தேன்னு ஒரு வரி எழுதல. நானும் அப்படி ஒரு ஆளா ஆகணுமா?"

எர்லிந்தாவின் கத்தி பலகையில் நின்றது. ஒரு கணம்தான். பிறகு மகனைச் செல்லமாக அழைத்து, "தட்டெடுத்து வை, டோட்டோ. சாப்பிட்டாத்தான் என்னால படுக்க முடியும்" என்றாள்.

பன்னிரண்டரைக்கு எல்லாம் தயார். பாயின் கால்மாட்டில் முக்காலி மேல் கேமரா, அதன் பின்னால் லோவெல்லா. புதுத் தலையணையின் ஓரத்தில் மொச்சைக்கொட்டை அளவில் ஒரு மைக். முன்னறையில் லேப்டாப்போடு ஜோம்ரி. எர்லிந்தா பூப்போட்ட வீட்டுக் கவுனை இழுத்துவிட்டுக்கொண்டு படுத்தாள். கண்ணை மூடுவதற்கு முன் மகளைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினாள்.

கேமராவின் சின்னத் திரையில் எண் ஏறிக்கொண்டே போனது. ஒன்பதாயிரம். பதினான்கு. இருபத்தொன்று. எட்டாவது நிமிடத்தில் எர்லிந்தா லேசாக முனகினாள். உதட்டைச் சப்புக்கொட்டினாள். பிறகு, எல்லோரும் காத்திருந்த அந்தக் குழைந்த குரலில், "கிமராஸ கொஞ்சம் தள்ளி வை... காத்து வரல" என்றாள்.

முன்னறையிலிருந்து ஜோம்ரியின் கை மட்டும் கதவோரம் நீண்டு கட்டை விரலை உயர்த்தியது. முப்பத்தோராயிரம்.

வேலை முடிந்தது. இனி ஒரு மணி வரை அவள் அசையாமல் கிடந்தால் போதும்.

காற்று நின்றது. மின்விசிறி ஒரு கோடிக்குப் போய், யோசித்து, திரும்பி வந்தது. திரைச்சீலை மெல்ல உப்பி, வயிறு காட்டி, ஜன்னல் கம்பியில் ஒட்டிக்கொண்டது. எங்கோ ஒரு சேவல் நேரம் தவறிக் கூவப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டது. துவரைக் குழம்பின் வாசனை இன்னும் அறையில் தங்கியிருந்தது. லோவெல்லாவுக்கே கண் இமை கனத்தது.

அப்போதுதான் பார்த்தாள். இடது கால் பெருவிரல் அசைந்தது.

ஒரு முறை. நின்றது. மறுபடி. பிறகு விடாமல், மெதுவாக, தன் தாளத்துக்கு.

அம்மா தூங்கிவிட்டாள்.

ஐந்து வார அசதி அந்த முகத்திலிருந்து வடிந்துகொண்டிருந்தது. வாய் கொஞ்சம் திறந்து, கன்னம் தலையணையில் அமுங்கி, நாற்பத்தொன்பது வயதுக்காரி சின்னப்பெண்ணாகிக்கொண்டிருந்தாள். இதை எடுக்கத்தானே அவள் கேமரா வாங்கினாள். இப்படி ஒரு மத்தியானத்தைத்தானே நாலு வருடமாகத் துரத்தினாள். கிடைத்திருக்கிறது, ஆனால் வாய்ச்சொல்லுக்காகக் காத்திருக்கிற கூட்டத்துக்கு நடுவில்.

எர்லிந்தாவின் உதடு பிரிந்தது.

"கடுதாசி வந்திருக்கு."

குழைவு இல்லை. தாழ்ந்த, வறண்ட குரல். லோவெல்லா இதுவரை கேட்டிராத குரல்.

"அவன் கையெழுத்துதான்."

முப்பத்தெட்டாயிரம். திரையின் ஓரத்தில் கமெண்ட்டுகள் மழை மாதிரி கொட்டின. யார்? யாருடைய கையெழுத்து? பழைய காதலனா? அம்மா, பெயரைச் சொல்லுங்கள்!

லோவெல்லா யோசித்துச் செய்யவில்லை. கை தானாகப் போய் மைக் வயரைக் கேமராவிலிருந்து உருவியது. பிறகு, ஒரு தூங்குகிற குழந்தையைப் புரட்டிப் படுக்க வைக்கிற மாதிரி, கேமராவை மெள்ள மெள்ள ஜன்னல் பக்கம் திருப்பினாள். எர்லிந்தா திரையிலிருந்து நழுவிப் போனாள். சுவர் வந்தது. ஜன்னல் வந்தது. திரைச்சீலை வந்தது.

பின்னால் அம்மா பேசிக்கொண்டிருந்தாள். அந்த அறைக்கு மட்டும்.

"வாசல்லயே திருப்பிக் குடுத்துடு. பிள்ளைங்க ஸ்கூல் விட்டு வர்ற நேரம்." பெருமூச்சு. "எத்தன தடவ சொல்றது, ரொகேலியோ. எழுதாத. எழுதாத."

ரொகேலியோ அப்பாவின் பெயர்.

லோவெல்லா திரைச்சீலையைப் பார்த்தபடி நின்றாள். அது உப்பியது, அடங்கியது. ஒன்பது வருடமாக ஒரு வரி எழுதாதவர் என்று அவள் பள்ளியில் சொன்னாள், தோழிகளிடம் சொன்னாள், பாவமன்னிப்புக் கூண்டில்கூடச் சொன்னாள். எழுதாத மனிதரிடம் எதற்கு எழுதாதே என்று சொல்ல வேண்டும்?

கதவில் ஜோம்ரி நின்றான். சத்தமில்லாமல் வாயை அசைத்தான்: 'மைக்! சத்தம் போயிடுச்சு!' அவள் உதட்டில் விரல் வைத்தாள். அவன் வயரைக் காட்டினான். அவள் அதைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு, மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். அவன் இரு கைகளாலும் தலைமுடியைப் பிடித்துக்கொண்டான்.

எண் இறங்கியது. முப்பது. பத்தொன்பது. பதினொன்று. ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் ஒரு ஊரே கதவைச் சாத்திக்கொண்டு போவது போல இருந்தது. நாலாயிரம். மூவாயிரம். இரண்டாயிரத்து அறுநூறு.

அங்கே நின்றுவிட்டது.

யாரோ எழுதினார்கள்: 'இங்கே குளிர். வெளியில் இருட்டு. உங்கள் ஜன்னல் வெளிச்சம் என் சுவரில் விழுகிறது.' வெகு நேரம் கழித்து இன்னொருவர்: 'என் மகள் மடியில் தூங்கிவிட்டாள். நிறுத்திவிடாதீர்கள்.' அதன் பிறகு யாரும் எதுவும் எழுதவில்லை. ஆனால் போகவும் இல்லை. திரைச்சீலையின் ஓரத்தில் வெயில் ஒரு விரல் அகலம் நகர்ந்தது. அதை இரண்டாயிரத்து அறுநூறு பேர் பார்த்தார்கள். மனதில் அவ்வளவு பெரிய கல் விழுந்திருந்தும், இந்த ஐந்து வாரத்தில் லோவெல்லா நிம்மதியாக நின்ற நேரம் அதுதான். ஒரு மணி அடித்ததுகூட அவளுக்குக் கேட்கவில்லை. தானே நேரலையை முடித்துவிட்டு ஜோம்ரி வந்து தோளைத் தொட்டான்.

வீட்டுக்குப் பின்னால் கடல் தடுப்புச் சுவர். அங்கே போனதும் அவன் வெடித்தான்.

"ஏன் புடுங்கின? சொல்லு, ஏன் புடுங்கின? கையெழுத்துன்னு சொன்னப்ப எப்படி ஏறுச்சு தெரியுமா? இன்னும் ரெண்டு நிமிஷம் விட்டிருந்தா அம்பதாயிரம்! தலையணைக் கம்பெனிக்காரி போன் பண்ணிட்டா. அடுத்தது வேண்டாமாம். வாடிக்கையாளருக்கு ஜன்னல் விக்கலையாம் அவங்க!"

"அம்மா தூங்கிட்டா, ஜோம்ரி."

"தூங்கறதுதான வேணும்!"

"நிஜமாவே தூங்கிட்டா."

அவள் தாளை நீட்டினாள். அவன் படித்தான். மீன், பாதிரியார், கிமராஸ். பென்சில் கோடுகள். இன்னொரு முறை படித்தான். காது மடல் மெதுவாகச் சிவந்தது.

"எல்லாமே நடிப்பா?"

"மொத வீடியோவத் தவிர. அஞ்சு வாரமா அவளுக்கு மத்தியானத் தூக்கம் இல்ல. நீ கப்பல் ஏறக்கூடாதுன்னு படுத்துக்கிட்டே முழிச்சிருந்திருக்கா."

அவன் சுவரில் உட்கார்ந்தான். கீழே அலை ஒரு தேங்காய் மட்டையை முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டிருந்தது.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"தாள் இன்னிக்குத்தான் கிடைச்சுது." நிறுத்தினாள். "ஆனா மீன் வீடியோவுலயே எனக்குச் சந்தேகம். கால வெட்டிட்டு ஏத்தினேன். உன்ன மட்டும் குத்தம் சொல்ல மாட்டேன்."

"இப்ப என்ன பண்றது?"

"மொத வீடியோ இருக்கட்டும், அது நிஜம். மத்ததெல்லாம் எடுத்துடறேன். இனிமே அம்மா கிடையாது."

"ஆறு லட்சம் பேரும் போயிடுவாங்க."

"போகட்டும். இன்னிக்கு ரெண்டாயிரத்து அறுநூறு பேர் இருந்தாங்க, பார்த்தியா?"

"முப்பத்தெட்டாயிரத்துல!"

"ஒண்ணுமே நடக்காததப் பார்க்க இத்தன பேர் ஒண்ணா உக்காந்தது எனக்கு இதுதான் மொத தடவ. யாரும் அவங்களப் பிடிச்சு வெக்கல. அவங்களா இருந்தாங்க."

ஜோம்ரிக்குச் சிரிப்பும் அழுகையுமாக ஒரு சத்தம் வந்தது. "அத வெச்சு வாழ முடியுமா, மனாங்?"

"தெரியல. ஆனா உனக்கு வாய் இருக்கு. நாள் பூரா கமெண்ட்டுல நீ அடிக்கிற கூத்தப் படிக்கவே ஒரு கூட்டம் வருது. உன் மூஞ்சிய வெச்சு நீ ஒண்ணு ஆரம்பி. என் மத்தியானத்த எனக்கு விட்டுடு."

"இந்த மூஞ்சிய யாரு பார்ப்பா?"

"அம்மா பார்ப்பா. கண்ண முழிச்சு."

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டான். எழுந்தவன் சட்டென்று கேட்டான். "அது சரி. அந்தக் கையெழுத்து? அது தாள்ல இல்லியே."

லோவெல்லா தீவைப் பார்த்தாள். "அம்மாகிட்டயே கேளு. எழுந்ததும்."

எர்லிந்தா எழுந்தபோது மணி நாலு. கன்னத்தில் தலையணையின் மடிப்பு அப்படியே பதிந்திருந்தது. பாயில் உட்கார்ந்து, இது எந்த நாள், எந்த வீடு என்று தெரியாதவள் மாதிரி சுற்றும் முற்றும் பார்த்தாள். லோவெல்லா காபியைக் கொண்டுவந்து வைத்தாள். ஜோம்ரி முன்னறையில் அந்தத் தாளை மறுபடி விரித்து வைத்துக்கொண்டிருந்தான்.

"சாகற மாதிரி தூங்கிட்டேன் போலிருக்கு" என்றாள் எர்லிந்தா. கோப்பையைத் தொட்டவள் கையை எடுத்தாள். "நான் ஏதாவது சொன்னேனா?"

"சொன்னே."

"எல்லாரும் கேட்டாங்களா?"

"கடுதாசி வந்திருக்குன்னது வரைக்கும். அவன் கையெழுத்துதான்னது வரைக்கும். அப்புறம் மைக்கப் புடுங்கிட்டேன்."

"நீ?"

"நான் அறையிலதான இருந்தேன்."

எர்லிந்தா காபியின் ஆவியைப் பார்த்தாள். யாரோ வேறு ஒருத்தியைப் பற்றிச் சொல்கிற மாதிரி பேசினாள்.

"மொதக் கடுதாசி வந்தப்ப எனக்குக் கோபம். ரெண்டாவதுக்கும் கோபம். வருஷத்துக்கு மூணு, நாலு வரும். அப்படியே திருப்பி அனுப்பிடுவேன். ஒரு நாள் பார்த்தா கோபத்தக் காணோம், இண்டாய். ஆனா அதுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் அவர் எழுதவே இல்லன்னு முழுசா நம்பிட்டீங்க. அத எங்கேருந்து பிரிக்கறது? எந்த நூலப் பிடிச்சு இழுக்கறது?"

"அம்மா..."

"திட்டறதுன்னா திட்டிடு."

லோவெல்லாவுக்குத் திட்டத் தோன்றியது. தோன்றியது நிஜம். ஒன்பது வருடம். பட்டமளிப்பு நாளில் காலியாக விட்ட நாற்காலி. காய்ச்சலில் ஜோம்ரி கூப்பிட்ட பெயர். எல்லாம் நெஞ்சுக்குள் வரிசை கட்டி நின்றன. அவள் அம்மாவின் தலைமுடியில் சிக்கியிருந்த பஞ்சை எடுத்துப்போட்டாள். அதற்கு மேல் அப்போது எதுவும் முடியவில்லை.

எர்லிந்தா எழுந்து சந்தைப் பையை எடுத்தாள். உள்ஜிப்பைத் திறந்து ஒரு கவரை வெளியே எடுத்தாள். ஓரமெல்லாம் மழுங்கி, ஒரு மூலையில் மீன் ஈரம் பட்ட கறையோடு. ஆனால் பிரிக்கப்படவில்லை.

"அந்த மொத வீடியோ வந்த அடுத்த வாரம் வந்துச்சு. திருப்பிக் குடுக்கத் தபால் நிலையம் வரைக்கும் போனேன். நாலு தடவ. கை வரல."

'லோவெல்லாவுக்கும் ஜோம்ரிக்கும்' என்று எழுதியிருந்தது. எழுத்து ஒவ்வொன்றும் ஒன்றையொன்று தொடாமல் தள்ளித் தள்ளி நின்றது.

"யாரு எழுதினது?"

ஜோம்ரி வாசலில் நின்றான். எவ்வளவு நேரமாக என்று யாருக்கும் தெரியவில்லை. லோவெல்லா கவரை அவனிடம் நீட்டினாள். அவன் தன் பெயரைப் படித்தான். அந்த எழுத்தைப் படித்தான். பிரிப்பான் என்று அவள் காத்திருந்தாள். அவன் பிரிக்கவில்லை. தபால்தலையின் மேல் குத்தியிருந்த முத்திரையை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தான்.

"பகோலோட்" என்றான். "எங்கேயோ நார்வே, பிரேசில்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். பக்கத்துத் தீவு. இங்க இருக்கிற பகோலோட்."

அவன் கவரைச் சட்டைப் பையில் வைத்து, மேலே கையை அழுத்திக்கொண்டான். கோபமா, வேறேதாவதா என்று லோவெல்லாவால் சொல்ல முடியவில்லை.

"அங்க போறதுக்குக் கடைசிப் படகு எத்தன மணிக்கு?"

"அஞ்சரைக்கு" என்றாள் எர்லிந்தா, கொஞ்சமும் யோசிக்காமல்.